ஒரே குல்லா போதும், வேண்டுமானால் இரட்டைத் துணியில்

இரண்டு பக்கமும் திருப்பிப் போடக்கூடிய குழந்தைக் குல்லா தைப்பது ரொம்பச் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அக்கா குழந்தைக்காக நான் தைத்த முதல் குல்லாவில், வெளித்துணியையும் உள்துணியையும் சேர்த்து வைத்து, மிஷின் ஓடுகிற சந்தோஷத்தில் சுற்றிலும் மூட்டிவிட்டேன். புரட்டி எடுக்க வழியே விடவில்லை. கையில் இருந்தது குல்லா இல்லை, ஒரு சின்னத் தலையணை உறை :-)

சரியாகத் தைப்பது இப்படித்தான். காதுப் பக்கத்துக்கு இரண்டு துண்டு, நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் பட்டை ஒன்று. ஆக மூன்று துண்டுகள். இதையே ஒரு பூப்போட்ட துணியில் ஒரு முறை, ஒரு வெள்ளைத் துணியில் ஒரு முறை வெட்டி, தனித்தனியாக இரண்டு குல்லா மூட்ட வேண்டும். வளைவு வருகிற இடத்தில் தையலுக்கு வெளியே கத்திரியால் சின்னச் சின்ன வெட்டுப் போடாவிட்டால் துணி இழுத்துக்கொள்ளும். பிறகு ஒன்றின் நல்ல பக்கம் இன்னொன்றின் நல்ல பக்கத்தைப் பார்க்கும்படி ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, கட்டுகிற நாடாக்களை இரண்டுக்கும் நடுவே வைத்து, விளிம்பைத் தைக்க வேண்டும். பிடரிப் பக்கம் மூன்று விரல் அகலத்துக்குத் தைக்காமல் விட வேண்டும். (இதைத்தான் நான் மறந்தேன்.) அந்த ஓட்டை வழியாகப் புரட்டி எடுத்து, இஸ்திரி போட்டு, விளிம்பில் ஒரு மேல்தையல் ஓட்டினால் முடிந்தது. எந்தப் பக்கம் போட்டாலும் தையல் முனைகள் இரண்டு துணிக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும், குழந்தையின் தலையில் உறுத்தாது.

அந்தத் தலையணை உறையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு கேள்வி வந்தது. ஒரு சின்னத் தலைக்கு எதற்கு இரண்டு அடுக்கு? இதைத் தேடிப் போனால் ஒரு குல்லாவின் கதையாக ஆரம்பித்து, லண்டனில் அனாதையாக விடப்பட்ட பதினாறாயிரம் குழந்தைகளின் கதையில் போய் நின்றது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியுள்ள வீட்டில் பிறந்த குழந்தையின் தலையில் ஒரு குல்லா இருக்காது, இரண்டு மூன்று இருக்கும். நெற்றியை மூடி ஒரு முக்கோணத் துணி கட்டுவார்கள். அதற்கு மேல் தலையை ஒட்டிய 'பிக்கின்' என்ற உள்குல்லா. அதற்கும் மேல் லேஸ் வைத்த வெளிக்குல்லா. தலை ஆடாமல் இருக்க, குல்லாவிலிருந்து இறங்கி உடுப்போடு குத்தப்படும் ஒரு நீளப் பட்டையும் உண்டு. (பிக்கின் என்ற பெயர் பிரெஞ்சிலிருந்து வந்தது. பெகீன் என்று அழைக்கப்பட்ட சமயப் பெண்கள் அணிந்த தலைத்துணியின் பெயர் அது. துறவியின் முக்காடு குழந்தையின் குல்லா ஆன கதை!) நடை பழகும் வயதில் 'புட்டிங்' என்று ஒன்று வரும். தலையைச் சுற்றிப் பஞ்சு அடைத்த வளையம், விழுந்தால் மண்டை உடையாமல் இருக்க.

ஏன் இவ்வளவு? உச்சிக்குழிதான் காரணம். மண்டையோடு இன்னும் கூடாத அந்த மெத்தென்ற இடத்தைப் பார்த்து உலகத்தில் எல்லா ஊர்த் தாய்மாரும் பயந்திருக்கிறார்கள். நம்மூர்ப் பாட்டிகள் அங்கே எண்ணெய் வைத்தார்கள், இங்கிலாந்துப் பாட்டிகள் துணி வைத்தார்கள். குளிர் அந்த வழியாக மூளைக்குள் இறங்கிவிடும் என்ற பயம். அடுப்பங்கரையைத் தவிர மற்ற அறையெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும் வீடுகளில் அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை.

இனி லண்டன். தாமஸ் கோரம் என்ற ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன், தெருவோரம் விட்டுச் செல்லப்பட்ட குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் பதினேழு வருடம் பிரபுக்கள் வாசலில் ஏறி இறங்கினார். 1739-இல் அரசர் இரண்டாம் ஜார்ஜ் அனுமதிப் பத்திரம் கொடுத்தார். 1741 மார்ச் 25-ஆம் தேதி இரவு ஹாட்டன் கார்டன் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் 'ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல்' திறந்தது. ஹாஸ்பிடல் என்றதும் ஆஸ்பத்திரி என்று நினைக்க வேண்டாம். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் விடுதி அது. முதல் இரவிலேயே 30 குழந்தைகளோடு இடம் நிரம்பி, மற்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கூட்டம் தாங்காமல் 1742-இல் சீட்டுக் குலுக்குவது போல ஒரு முறை கொண்டு வந்தார்கள். தாய் ஒரு பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் குழந்தைக்கு நோய் இல்லையென்றால் இடம் உண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான். இதை வேடிக்கை பார்க்கப் பணக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருந்தால் நியாயமில்லை.

சேர்க்கும்போது தாயின் பெயரைக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு அச்சடித்த படிவம். அதில் தேதி, ஆணா பெண்ணா, வயது, அதன் கீழே குழந்தை போட்டிருக்கும் உடுப்புகளின் பட்டியல், கடைசியில் உடம்பில் உள்ள மச்சம், வடு. அந்த உடுப்புப் பட்டியலைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் சொல்லே குல்லா! அடுத்தது பிக்கின். அடுத்தது நெற்றித்துணி. அடுத்தது தலைத்துணி. தலை நீளப் பட்டை, அதன் பிறகுதான் எச்சில் துணி, சட்டை, பாவாடை, போர்வை, வயிற்றுக் கட்டு, இடுப்புத் துணி, காலுறை, செருப்பு என்று உச்சியிலிருந்து பாதம் வரை இறங்குகிறது. குமாஸ்தா தலையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து, இருப்பதற்கு எதிரே மட்டும் எழுதிக்கொண்டு வருவார். ஏழைக் குழந்தைகளின் படிவங்களில் பெரும்பாலான வரிகள் வெறுமையாகவே கிடக்கும்.

இந்த விடுதிக்கும் என் இரட்டைத் துணிக் குல்லாவுக்கும் என்ன சம்பந்தம்? வில்லியம் கடோகன் என்ற மருத்துவர்தான் சம்பந்தம். விடுதியின் நிர்வாகிகளில் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் 1748-இல் விடுதிக் குழுவின் உத்தரவுப்படியே அச்சாகி, பல பதிப்புகள் போயிற்று. குழந்தையை எப்படி வளர்ப்பது என்பதுதான் விஷயம். குழந்தைகளைக் கொல்வது குளிர் இல்லை, நீங்கள் போர்த்துகிற மூட்டைதான் என்று அதில் அடித்துச் சொல்கிறார். இறுக்கிச் சுற்றுவதை நிறுத்துங்கள் என்கிறார். கையில்லாத ஒரு சின்ன ஃபிளானல் உள்சட்டை, அதோடு தைத்த ஒரு பாவாடை, மேலே லேசான ஒரு அங்கி போதும். தலைக்கு? ஒரே ஒரு குல்லா. அந்தக் கதகதப்பு போதாது என்று தோன்றினால் அதையே இரட்டைத் துணியில் தைத்துக்கொள்ளலாம். காலுறையும் செருப்பும் வெளியே ஓடித் திரியும் வரை வேண்டவே வேண்டாம்.

ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று குல்லா போடுவதற்குப் பதில், இரண்டு துணியை ஒன்றாகச் சேர்த்துத் தைத்த ஒரே குல்லா. மூன்று முடிச்சுக்குப் பதில் ஒரு முடிச்சு. குல்லாவுக்குள் குல்லா சுருண்டு மடிந்து நெற்றியை அழுத்துவது இல்லை. கழற்றித் துவைப்பதும் சுலபம், துணிகளை நாள்தோறும் மாற்றச் சொன்னவர் அவர். இன்று நாம் இரு பக்கக் குல்லா என்று ஆசையாகத் தைப்பதற்கு அவர்தான் மூலபுருஷர் என்று சொன்னால் அது கதை விடுவது. இரட்டைத் துணியில் தைப்பது அதற்கு முன்பே தையல்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இரண்டு அடுக்கு போதும், அதற்கு மேல் கூடாது என்று எல்லை போட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

கடோகனிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குழந்தை வளர்ப்பைப் பெண்கள் கையில் விட்டதுதான் தப்பு, அறிவுள்ள ஆண்கள் பொறுப்பெடுக்க வேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். கொஞ்சம் தள்ளி, கந்தலைச் சுற்றித் தாய்ப்பால் மட்டும் கொடுத்து வளர்க்கும் ஏழைப் பெண்ணின் குழந்தை பணக்காரக் குழந்தையைவிடத் திடமாக இருக்கிறது என்கிறார். அய்யா, அப்படியானால் நீங்கள் பாடம் படித்தது யாரிடம்? அந்தப் பெண்ணிடம்தானே! அவளிடம் மூன்றாவது குல்லா வாங்கக் காசில்லை. அந்த இல்லாமைதான் மருத்துவம் ஆனது.

இப்போதைய மருத்துவம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது குல்லா தைக்க உட்காரலாம். பிறந்த குழந்தையின் மொத்தத் தோல் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலையில் இருக்கிறது. அதனால் பிறந்த முதல் சில மணி நேரத்துக்கும், குறைமாதக் குழந்தைகளுக்கும் குல்லா உண்மையிலேயே உயிர் காக்கிறது. 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு முறையில், தாயின் மார்போடு ஒட்டிக் கிடக்கும் எடை குறைந்த குழந்தைக்கு உடுப்பு என்பது நாப்கினும் குல்லாவும் காலுறையும்தான். ஆனால் அந்த முதல் சில மணி நேரம் கழிந்த பிறகு, நிறைமாதக் குழந்தைக்கு வீட்டுக்குள் குல்லா போட வேண்டாம், உடம்பு சூடேறிவிடும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2022-இல் சொன்னது. தூங்கும்போது கழுத்தில் நாடா கட்டவே கூடாது. கடோகன் பாதி சரி, பாதி என்ன, முக்கால்வாசி சரி.

ஆனால் சரியான குல்லா இருந்தும் குழந்தைகள் செத்தார்கள். 1756-இல் நாடாளுமன்றம் விடுதிக்குப் பணம் கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு. கொண்டு வரும் எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஜூன் 2-ஆம் தேதி, முதல் நாளே 117 குழந்தைகள். 1760 மார்ச்சில் இந்த ஏற்பாட்டை நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். வெளியூர்களிலிருந்து கூலிக்குக் குழந்தைகளைக் கூடையில் தூக்கி வருவதே ஒரு தொழில் ஆனது. வழியிலேயே பல உயிர்கள் போயின. பால் கொடுக்கப் போதுமான செவிலித்தாய்கள் இல்லை. அந்தப் பதினைந்தாயிரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிழைக்கவில்லை.

இப்போது அந்தப் படிவத்துக்கு மறுபடி வருவோம். தாய் என்றாவது திரும்பி வந்து கேட்டால் இது அவள் குழந்தைதான் என்று எப்படித் தெரியும்? பெயர் இல்லை. குழந்தைக்கு விடுதி புதுப் பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிடும். கழுத்தில் எண் பொறித்த ஈயத் தகடு. பழைய துணிகளை எடுத்துவிட்டு விடுதியின் உடுப்பு. அதனால் ஏதாவது ஒரு அடையாளம் விட்டுச் செல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். சிலர் காசு, மோதிரம், கடிதம் வைத்தார்கள். பெரும்பாலோரிடம் துணிதான் இருந்தது. சட்டைக் கையிலிருந்தோ, பாவாடை ஓரத்திலிருந்தோ, ரிப்பனிலிருந்தோ ஒரு துண்டை வெட்டிப் படிவத்தில் குத்தி, மடித்து, முத்திரை வைத்து, மேலே எண் எழுதினார்கள்.

அப்படி 1741 முதல் 1760 வரை சேர்ந்த துணித் துண்டுகள் ஐயாயிரத்துக்கும் மேல். அந்தக் காலத்து ராணிகளின் பட்டு எல்லா அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. சலவைக்காரியும் வேலைக்காரியும் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு இந்தப் படிவங்களைப் போல வேறு சாட்சி இல்லை. பிரிட்டனில் எஞ்சியிருக்கும் 18-ஆம் நூற்றாண்டு சாதாரண மக்கள் துணிகளின் மிகப் பெரிய தொகுப்பு இதுதான். ஜான் ஸ்டைல்ஸ் என்ற வரலாற்றாசிரியர் இவற்றைத் தேடி எடுத்து 2010-இல் லண்டன் ஃபவுண்ட்லிங் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி வைத்தார். இதைப் பற்றிப் பலரும் தாயின் அன்புச் சின்னங்கள் என்று உருகி எழுதுகிறார்கள். எல்லாமே அப்படி இல்லை. பல துண்டுகளை வெட்டியது குமாஸ்தாவின் கத்திரிதான். குழந்தை போட்டிருந்த துணியில் கைக்குக் கிடைத்த இடத்தில் வெட்டியிருக்கிறார். எது தாய் தேர்ந்தெடுத்தது, எது குமாஸ்தா வெட்டியது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

துணிகளின் பெயர்களைப் பார்த்தபோது இன்னொரு ஆச்சரியம். குமாஸ்தாக்கள் சில இடங்களில் துணியின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். கேம்லெட், லின்சி-உல்சி என்ற ஐரோப்பியப் பெயர்களுக்கு நடுவே 'சூசி' என்று ஒன்று. அது இந்தியாவிலிருந்து போன கோடு போட்ட துணியின் பெயர். பூப்போட்ட துணிகளும் நிறைய. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நம் கடற்கரையில் எழுதிய பூக்கள் இல்லை, அவற்றைப் பார்த்து லண்டனில் மரஅச்சில் அடித்த பூக்கள்.

ஏனென்றால் சோழமண்டலக் கரையின் பூத்துணிக்கு இங்கிலாந்தில் தடை இருந்தது. படிகாரம் தடவி, சாயவேரில் ஊறி, துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்பு ஐரோப்பாவையே மயக்கியிருந்தது. சின்ட்ஸ் என்று அதற்குப் பெயர். அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்து, அதை உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்துத் துணியைக் கிழித்தார்கள். 1721-இல் வந்த சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை அணிவதையே தடுத்தது. லினன் நூலும் பருத்தியும் கலந்து நெய்ததற்கு மட்டும் 1736-இல் விலக்குக் கிடைத்தது. முழுத் தடையும் நீங்க 1774 ஆயிற்று. ஆகவே அந்தப் படிவங்களில் குத்தியிருக்கும் பூக்கள் பெரும்பாலும் லினனிலும் கலப்புத் துணியிலும் மலர்ந்தவை.

தடை போடாத ஊர் நெதர்லாந்து. பழவேற்காட்டிலும், 1690-க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் தலைமையிடம் வைத்திருந்த டச்சுக் கம்பெனி கப்பல் கப்பலாகச் சின்ட்ஸை ஏற்றிச் சென்றது. அங்கே பெண்களின் சட்டை, பாவாடையில் மிஞ்சிய துண்டில் குழந்தைக்குச் சட்டையும் குல்லாவும் தைத்தார்கள். சின்ட்ஸின் அழகெல்லாம் எழுதிய ஒரு பக்கத்தில்தான். அதனால் உள்ளே வேறு துணி கொடுத்தார்கள். அந்தக் குல்லாவின் வெளிப்பூ நம்மூர்க் கை எழுதியது, உள்துணி அந்த ஊர் வீட்டில் தேடி எடுத்தது. நாம் இன்று கடையில் இரண்டு விதத் துணி எடுத்துத் தைக்கிற குல்லாவுக்கு இதைவிட நல்ல முன்னோர் கிடைக்காது!

இனி ஒரே ஒரு குழந்தையின் கதை. 1741-க்கும் 1760-க்கும் இடையே விடுதியில் சேர்ந்த 16,282 குழந்தைகளில் தாயோ உறவினரோ திரும்பி வந்து அழைத்துச் சென்றது 152 பேரை மட்டும். நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. பலர் வந்தபோது குழந்தை இறந்துவிட்டது என்ற பதில்தான் கிடைத்தது. 1760-களில் விடுதி ரசீது கொடுக்கத் தொடங்கியதால் அடையாளத் துணி தேவையில்லாமல் போனது. ஆனாலும் சிலர் விடாமல் வைத்தார்கள்.

1767 பிப்ரவரி 11-ஆம் தேதி சாரா பெண்டர் என்ற பெண் தன் மகன் சார்லஸைக் கொண்டு வந்து விட்டாள். அவன் எண் 16516. அவள் கொண்டு வந்தது ஒட்டுத்துணி. பூ அச்சிட்ட துண்டு, நெய்த துண்டு என்று கையில் இருந்த பலவிதத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, அதன் மேல் சிவப்பு நூலால் ஒரு இதயம் பின்னியிருந்தாள். பிறகு அந்த இதயத்தின் நடுவே கத்திரி வைத்து இரண்டாக வெட்டினாள். ஒரு பாதி படிவத்தோடு போயிற்று. மறு பாதியை அவள் வைத்துக்கொண்டாள். துணி தைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், பின்னல் மேல் வெட்டினால் நூல் அவிழத் தொடங்கும். அதைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும்.

விடுதி சார்லஸுக்கு பெஞ்சமின் ட்வெர்ல் என்று பெயர் வைத்தது. எட்டு வருடம் நான்கு மாதம் போயிற்று. 1775 ஜூன் 10-ஆம் தேதி சாரா பெண்டர் திரும்பி வந்து அவனை அழைத்துச் சென்றாள். படிவத்தில் குத்திய பாதி இதயம் இன்னும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

என் குல்லாவையும் இரண்டாம் முறை மூட்டி, மூன்று விரல் வழி விட்டு, புரட்டியாயிற்று. வெளியே மஞ்சள் பூ, உள்ளே வெள்ளை மல்மல். வெட்டியதில் மிஞ்சிய மஞ்சள் துண்டை அக்கா எடுத்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள், எதற்கு என்று நான் கேட்கவில்லை.